இருபத்து மூன்றாவது பெயர்

சென்ற மாதம் ஒரு நாள், பசியாற உட்கார்ந்த நேரத்தில் தேவி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த கிராணி அவள். தேயிலைத் தோட்டத்தில் வெளிவேலையைப் பார்க்கும் அலுவலரை நாங்கள் இன்றும் கிராணி என்றுதான் சொல்கிறோம். ஆபீஸ் கடிதத்தில் வேறு பதவிப் பேர் இருக்கிறது. அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

"சார், இன்னிக்குப் பெரட்டுல லிஸ்டுல இல்லாத பேரு ஒன்னக் கூப்பிட்டுட்டேன்," என்றாள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "பதில் வந்துச்சா?"

"வரல சார். ஏன் அப்படிக் கேக்கிறீங்க?"

"வரலன்னா நல்லதுதான். இன்னிக்கே தொரைகிட்டப் போயி லீவு கேளு. நாளைக்கின்னு தள்ளாத."

போனாள். டாக்டர் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுதிக் கொடுத்தார், அதில் 'பர்ன் அவுட்' என்று போட்டிருந்ததாம். இப்போது அவள் திரிங்காப்பில் அம்மா வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். நன்றாகத் தூங்கட்டும். ஆனால் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்று நச்சரிக்கிறாள். நேரில் சொன்னால் என் குரல் சரியாக வராது. எழுதிவிடுகிறேன்.

நான் இருபத்தோரு வயதில் தோட்டத்தில் சேர்ந்தேன். ஆபீஸில் இரண்டு வருஷம் பேப்பர் தள்ளினேன், நர்சரியில் ஒரு வருஷம் நாற்று எண்ணினேன், தொழிற்சாலையில் தேயிலைத் தூளை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆறு மாதம் தும்மினேன். இவன் வேறு எதற்கும் லாயக்கில்லை என்று தெரிந்த பிறகு என்னை வெளிவேலைக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய கிராணி குப்புசாமி ஐயாவின் கீழ் வந்தேன்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லியான ஆள். வெயிலோ பனியோ, தலையில் கம்பளிக் குல்லா. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அவர் சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. தப்புச் செய்தவனைப் பார்த்து, "அப்படியா?" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனையோ பேர் செய்யாத தப்பையும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. ஆபீஸுக்கு முன்னால் இருக்கிற மண் மேட்டில்தான் எங்கள் பெரட்டுக் களம். விடிகிற நேரம். அந்த மலையில் விடிந்தாலும் ஒன்றும் தெரியாது, பனி அப்படி. இந்த வேலையை அவர் செய்கிற முறை ஒன்று உண்டு. பெயரைச் சொல்வார். தலையை நிமிர்த்துவார். பதில் வந்த திசையில் முகத்தைத் தேடுவார். முகம் கிடைத்த பிறகுதான் பென்சில் தாளைத் தொடும். பனி கெட்டியாக இருந்தால் அந்த ஆள் ஓரடி முன்னால் வந்து நிற்கவேண்டும். முப்பது பெயரைக் கூப்பிட அவருக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். லோரி டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ஏன் ஐயா இவ்வளவு நேரம்? வந்திருக்கிற தலைய எண்ணினா முடிஞ்சு போச்சே," என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆளு வந்திருக்கான்னு ஒடம்பப் பாத்தாலே தெரியும்பா. அதுக்குள்ள அவன் வந்திருக்கானான்னு பாக்கணும்லா," என்றார்.

எனக்கு அது புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

அவராலும் ஒழிக்கமுடியாத ஒரு பழக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்தது. குரல் கொடுப்பது என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவரக் கொஞ்சம் தாமதமாகும். அவள் பெயரைக் கூப்பிடும்போது, வரிசையில் நிற்கிற தோழி, "இருக்கா!" என்று அவளுக்காகச் சொல்லிவிடுவாள். லோரி கிளம்புவதற்குள் அவளும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து ஏறிவிடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. குப்புசாமி ஐயா முகத்தைத் தேடுகிறவர் என்பதால் அவர் பெரட்டில் இது நடக்காது. நான் தனியாகப் பெரட்டு எடுக்க ஆரம்பித்த பிறகு தாராளமாக நடந்தது.

அஞ்சலை என்று ஒரு கொழுந்துக்காரி இருந்தாள். காலில் பழைய புண், தினமும் தாமதம். அவளுக்கும் பார்வதிக்கும் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரை. இருபது வருஷம் ஜோடியாகக் கொழுந்து வெட்டினார்கள். அஞ்சலை பெயரைக் கூப்பிட்டால் பார்வதிதான் பதில் சொல்வாள். இது எனக்கும் தெரியும், களத்தில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். பிறகு அஞ்சலை சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். நானும்தான் பாடை தூக்கினேன்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது நடந்த வருஷம் அது. பக்கத்து டிவிஷன் கிராணி வேலையை விட்டுப் போனான். வேறு ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்றார் துரை, அதாவது எங்கள் மேனேஜர். வேறு ஆள் வரவேயில்லை. இரண்டு டிவிஷன், இரண்டு பெரட்டு, மருந்தடிப்பு, பங்களாதேசித் தொழிலாளர்களின் பெர்மிட், லயத்து வீடுகளில் ஒழுகும் கூரை, எல்லாம் என் தலையில். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே மறந்துபோனது. என் மேலும் தப்பு உண்டு. முடியாது என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டால் தோட்டமே நின்றுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கொழுப்பு.

களைப்பு என்றால் உடம்பு வலிக்கும், தூக்கம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வலியும் இல்லை, தூக்கமும் இல்லை. வேறு என்னென்னவோ நடந்தது. ரிங்லெட் டவுனுக்குச் சாமான் எடுக்கக் காரில் கிளம்புவேன், கடை வாசலில் நிற்பேன். நடுவில் இருக்கிற வளைவுகளில் ஒன்றுகூட ஞாபகத்தில் இருக்காது. எத்தனை வளைவு, எத்தனை பாதாளம்! மருந்தடித்த புத்தகத்தில் என் கையெழுத்தில் முழுப் பக்கம் எழுதியிருக்கும். அந்த மலைக்கு நான் போனதாகவே நினைவிருக்காது. போய்க் கேட்டால், "நீங்கதான நின்னு பாத்தீங்க," என்பார்கள்.

ஒருநாள், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ரஃபீக் என்னிடம் வந்து, "கிராணி, நேத்து எட்டாம் நம்பர் மலையில ஒத்தையா நின்னீங்க. நாலு தடவ கூப்பிட்டேன். திரும்பல," என்றான். ரஃபீக் பங்களாதேசி, எங்களோடு சேர்ந்து தமிழ் நன்றாகப் பேசுவான். நேற்று நான் முழுநாளும் ஆபீஸில் இருந்தேன் என்று அவனிடம் அடித்துச் சொன்னேன். அவன் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தான். அதில் எட்டாம் நம்பர் மலையின் சிவப்பு மண் இருந்தது. மனைவி சரசுவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அந்த நாளும் மற்ற நாள் மாதிரிதான் விடிந்தது. பனி. எதிரே நிற்பவர்கள் வெறும் நிழல்கள். நான் தலையை நிமிர்த்துவதை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது, தாளையும் பார்ப்பதில்லை. பெயர்கள் தானாக வாயில் வரும், பதில் தானாகக் காதில் விழும், கை தானாக எழுதும். "பார்வதி." "இருக்கேன்." "அஞ்சலை." "இருக்கா." "ரஃபீக்." "இருக்கேன் கிராணி." அப்படியே முடித்துவிட்டு லோரியில் ஏற்றிப் பதினொன்றாம் நம்பர் மலைக்கு அனுப்பினேன். இருபத்து மூன்று பேர்.

அன்று மலையில் பேச்சே இல்லை. வழக்கமாக நம் பெண்கள் வெட்டுகிற இடத்தில் சிரிப்பும் சண்டையும் பக்கத்து மலைக்குக் கேட்கும். அன்று கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் நிரைக்குள் நடந்தால் ஒவ்வொருத்தியாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மழை வரப்போகிறது, அதனால் சிடுசிடுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் மழைப்பனி இறங்கியது. வேலையை நிறுத்தி ஆட்களை லோரிக்கு வரச் சொன்னேன். ஏறும்போது எண்ணினேன். இருபத்து இரண்டு. மறுபடி எண்ணினேன். இருபத்து இரண்டு. பனிக்குள் மலையில் ஆளை விட்டுவிட்டு இறங்குவதைப்போல ஒரு கிராணிக்குக் கெட்ட காரியம் வேறு இல்லை. அந்த மலையின் கீழ்ப்பக்கம் முந்தைய மழையில் சரிந்து கிடந்தது. தெரியாமல் கால் வைத்தால் ஆற்றில்தான் போய் விழவேண்டும். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன்.

"அஞ்சலை எங்க? அஞ்சலைய எங்க விட்டுட்டு வந்தீங்க?"

லோரியில் யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று நான் மேலே ஏறினேன்.

"அஞ்சலை!" என்று கூப்பிட்டேன்.

"இருக்கா..." என்று பதில் வந்தது. மெல்லிய குரல். கீழே, இடது பக்கத்திலிருந்து.

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லமுடியாது. புதருக்கு நடுவே அந்தப் பக்கமாக இறங்கினேன். தேயிலைச் செடி இடுப்பு உயரம். அதற்கு மேல் எல்லாம் வெள்ளை. கையை நீட்டினால் விரல் தெரியாது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பதில் வந்தது, இன்னும் கொஞ்சம் கீழே. கால் சரியில்லாதவள் எதற்கு இப்படி இறங்கிப் போகிறாள் என்று எரிச்சலாக இருந்தது. "நில்லு, அங்கேயே நில்லு, நான் வர்றேன்," என்று கத்திக்கொண்டே நடந்தேன். எத்தனை முறை கூப்பிட்டேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் அது பதில் சொன்னது.

பின்னாலிருந்து யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தேன். பார்வதி. மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"விடு. அங்கதான் இருக்கா. பதில் சொல்றா பாரு," என்றேன்.

"ஐயா. அஞ்சல செத்து பதினோரு மாசமாச்சு."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பாடையின் மூங்கில் என் தோளில் அழுத்தியதுகூட ஞாபகம் வந்தது. கையிலிருந்த தாளைப் பார்த்தேன். ஆபீஸில் அச்சடித்த பெயர்கள் இருபத்து இரண்டுதான். அதற்குக் கீழே, என் கையெழுத்தில், நானே எழுதிச் சேர்த்த பெயர் ஒன்று இருந்தது.

"அப்ப காலையில யாரு பதில் சொன்னது?"

"நான்தான்யா." அவள் அழுதாள். "நீங்க அவ பேரக் கூப்பிட்டீங்க. என் வாயி தன்னால சொல்லிருச்சு. இருபது வருசமாச் சொன்ன வாயி. சொன்னதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. பயந்துக்கிட்டு ஒங்ககிட்டச் சொல்லல."

பேய் இல்லை, பிசாசு இல்லை. ஒருத்தன் யோசிக்காமல் கூப்பிட்டான், ஒருத்தி யோசிக்காமல் பதில் சொன்னாள், நடுவில் ஒரு செத்தவள் வேலைக்கு வந்துவிட்டாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"இப்பவும் நீதான குரல் குடுத்த? எதுக்குடி கீழ கீழ எறங்கிப் போன?"

பார்வதி என்னையே பார்த்தாள். "நான் மேலேருந்து ஒங்க பின்னாடி ஓடியாந்தேன்யா. இன்னும் வாயே தொறக்கல."

அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு காற்று அடித்துப் பனி கொஞ்சம் விலகியது. என் பூட்ஸுக்கு முன்னால் ஒரு நிரை தேயிலை. அதற்கு அப்பால் மலை இல்லை.

களைத்துப்போன மூளை தானே சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். நான் டாக்டரை நம்புகிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பதினொன்றாம் நம்பர் மலைக்கு நான் தனியாகப் போனதில்லை.

அந்தச் செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்றார்கள். சரசு பூசாரியை அழைத்துவந்து திருநீறு போட்டாள், எலுமிச்சம்பழம் நறுக்கினாள், கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். மறுநாள் கிளினிக்குக்கும் இழுத்துக்கொண்டு போனாள். பதினான்கு நாள் எம்.சி. கிடைத்தது. இரண்டில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். இரண்டும் சேர்ந்தும் போதவில்லை என்பதுதான் விஷயம்.

வீட்டில் படுத்திருந்தேன். விடியும்போது என்னை அறியாமல் வாய் பெயர்களைக் கூப்பிட்டதாம். இரண்டு டிவிஷனும் வரிசையாக, ஒன்று விடாமல். பதினான்காம் நாள் சரசு, தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "எல்லார் பேரையும் கூப்பிட்டீங்க. எம் பேர மட்டும் ஒரு நாளும் காணோம்," என்றாள். அந்த நேரத்தில் அவள் சொன்னது எனக்கு உறைக்கவேயில்லை. உறைக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எம்.சி. முடிந்து பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். தாளைப் பிரித்தேன். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தொண்டை கட்டவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதல் பெயர் நாக்கில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்களோ என்ற பயம். இருபத்து இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெயர் கூப்பிடமுடியாத கிராணியைத் தோட்டம் எத்தனை நாள் வைத்திருக்கும்? வேலை போனால் குவார்ட்டர்ஸ் வீடும் போகும். எனக்குத் தெரிந்த தொழிலும் இது ஒன்றுதான்.

குப்புசாமி ஐயா எங்கிருந்து வந்தாரோ, தாளை என் கையிலிருந்து வாங்கினார். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அந்தப் பக்கம் போயி நில்லு," என்றார்.

"எந்தப் பக்கம் ஐயா?"

"கூப்பிடுறவன் பக்கம் போதும். பதில் சொல்றவங்க பக்கம் போ."

கிராணி போய்க் கூலிகளோடு வரிசையில் நிற்பதா? ஆனாலும் போனேன். அவர் எல்லாப் பெயரையும் தன் வழக்கப்படி கூப்பிட்டு முடித்தார். கடைசியில், "கதிரேசன்," என்றார்.

"இருக்கேன்."

"கேக்கல."

"இருக்கேன் ஐயா."

அவர் பனிக்குள் என் முகத்தைத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார். "இன்னும் முழுசா வரல. வீட்டுக்குப் போ. நாளைக்கு வா," என்றார்.

இதுதான் எனக்குக் கிடைத்த வைத்தியம். தினமும் காலையில் வரிசையில் நிற்கவேண்டும், பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவேண்டும், வீட்டுக்குப் போய்விடவேண்டும். வேறு வேலை கிடையாது. முதல் வாரம் அவமானத்தில் செத்தேன். இரண்டாம் வாரம், இன்று என் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரிசையில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. கூப்பிடுகிறவன் முகம் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கறுப்பாக ஓர் உருவம், அதிலிருந்து உன் பெயர் வருகிறது. இத்தனை வருஷம் இவர்கள் என்னை இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

துரைக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் களத்துக்கே வந்துவிட்டார். தமிழர்தான், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"எம்.சி. முடிஞ்சிருச்சில்ல? இன்னும் என்னாத்துக்கு இவரு சும்மா நிக்கிறாரு?"

"செடிய ஒட்டக் கவாத்து வெட்டின மலையில மூணு மாசம் கொழுந்து கேக்கமாட்டீங்க சார்," என்றார் குப்புசாமி ஐயா, கேட்க வேண்டுமானால் குனியவேண்டிய அதே குரலில். "இவன்கிட்ட மட்டும் ஒரு மாசத்துலயே கேக்கிறீங்க."

"அப்ப ரெண்டாவது டிவிசன யாரு பாக்கிறது?"

"இவன் பாக்கமாட்டான். இனிமேயும் பாக்கமாட்டான். அதுக்கு ஆள் எடுங்க. எடுக்கிற வரைக்கும் நீங்க பாருங்க, நான் தொணைக்கு வரேன்."

"நான் பெரட்டு எடுக்கிறதா?"

"அப்படியா?" என்றார் குப்புசாமி ஐயா, துரையே அதற்குச் சம்மதித்துவிட்ட மாதிரி. ஒரு மாதத்தில் இரண்டாவது டிவிஷனுக்கு ஆள் வந்தது. எத்தனை நாள் தூங்கினாலும், திரும்பி வரும்போது அதே பாரம் வாசலில் காத்திருந்தால் தூக்கத்தால் பயனில்லை என்பதை இங்கே தேவிக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நான் சரியாகி வருகிறேன் என்று முதலில் கண்டுபிடித்தவள் சரசு. ஒரு காலை, "என்ன இது, தேத்தண்ணியில சீனியே இல்ல?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் உட்கார்ந்து அழுதாள். மூன்று மாதமாகச் சீனி போடாமல்தான் கொடுத்துக்கொண்டிருந்தாளாம், எனக்கு எப்போது தெரியவரும் என்று பார்ப்பதற்கு. "சரசு," என்று கூப்பிட்டேன். "இருக்கேன்," என்றாள், பெரட்டில் சொல்வது மாதிரி. இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த வாரமே குப்புசாமி ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துட்டான்," என்றார். ஆனால் தாளை உடனே தரவில்லை. முதலில் ஐந்து பெயர் கூப்பிடச் சொன்னார். பிறகு பத்து. ஒருத்தருக்காக மற்றவர் குரல் கொடுக்கக்கூடாது என்று களத்தில் எல்லாருக்கும் சொல்லிவைத்தார்.

முழுப் பெரட்டையும் நான் எடுத்த முதல் நாள் துரையும் ஓரமாக வந்து நின்றார். நான் தேறிவிட்டேனா என்று பார்க்கத்தான். பெயரைச் சொன்னேன், நிமிர்ந்தேன், முகத்தைத் தேடினேன், எழுதினேன். பத்துப் பெயர் இப்படியே போனது. பதினொன்றாவது, "பார்வதி."

"இருக்கா!" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தேன். பார்வதி எனக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில் நின்றாள். அவள் வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் எவளோ பழக்கத்தில் அவளுக்காகச் சொல்லிவிட்டாள். எதிரே நிற்கிற ஆளுக்கு எதற்குக் குரல்? அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். பல மாதம் கண்ணாடியில் சவரம் செய்திருக்கிறேன் அதற்கு.

அப்போதுதான் எனக்கு அறிவு வந்தது. கூப்பிட்ட என் மூளை அன்று ஓய்ந்து கிடந்தது என்றால், பதில் சொன்னவளின் மூளை மட்டும் எந்த நிலைமையில் இருந்திருக்கும்? அதை டாக்டர் கேட்கவில்லை, துரை கேட்கவில்லை, குப்புசாமி ஐயாகூடக் கேட்கவில்லை. நான் கேட்கவேயில்லை. எனக்கு எம்.சி., பூசாரி, மூன்று மாதம், காலையும் மாலையும் தேத்தண்ணி. என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தவளுக்கு மறுநாளே கத்தரிக்கோல். ஜோடி செத்த நாளிலிருந்து இரண்டு நிரையையும் அவள் ஒருத்தியே வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நிரைக்கு நான் ஆள் போட மறந்திருந்தேன்.

"யாரும் குரல் குடுக்கக்கூடாது," என்றேன். "பார்வதி."

பதில் இல்லை. லோரி உறுமிக்கொண்டு நின்றது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தாளை மடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"பார்வதி. இருக்கியா?"

எவ்வளவு நேரம் நின்றேனோ. கடைசியில் அவள் உதடு பிரிந்தது.

"இல்லீங்கய்யா," என்றாள்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பங்களாதேசிகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் தாளை விரித்து, எனக்கு முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற பெண்ணின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன். துரை எட்டிப் பார்த்தார். "ஆளு நிக்குது, வரலன்னு எழுதுறீங்க?" என்று ஆரம்பித்தார். குப்புசாமி ஐயா அவர் பக்கம் திரும்பினார். துரை பார்வதியைத் தன் காரிலேயே கிளினிக்குக்கு ஏற்றிப் போனார், அவளுக்கும் எம்.சி. கிடைத்தது.

மறுநாள் காலை அதே களம், அதே பனி. பத்துப் பெயர் கூப்பிட்டேன். பதினொன்றாவதாக, "பார்வதி," என்றேன். நிமிர்ந்து, அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. பதிலும் இல்லை. வரிசையிலிருந்து எவளும் அவளுக்காகக் குரல் கொடுக்கவில்லை. மேலே மலைப்பக்கத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அடுத்த பெயருக்குப் போனேன்.